நிலா கொடுக்காத கட்டுரை

தீனதயாளனின் கொடிக்காலில் பதினாறு வருசமாக வெற்றிலை கிள்ளிவந்த பாவாயி, ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் வேலைக்கு வரவில்லை.

மழை நாலு நாளாக விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வாய்க்கால் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. அகத்தி மரங்களில் ஏறிய கொடிகள் நனைந்து, இலை தளதளவென்று நின்றது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முற்றிப்போகும். பக்கத்து வேலூர் மண்டியில் முற்றின இலையைக் கையால்கூடத் தொடமாட்டார்கள். மற்ற மூன்று பெண்களும் செருப்பை வரப்பிலேயே விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கிவிட்டார்கள். பாவாயி கிள்ளும் வரிசை மட்டும் ஆளில்லாமல் கிடந்தது. நூறு இலையை விரல் எண்ணுவது தெரியாமல் எண்ணி ஒரு கவுளியாக அடுக்க அவளைவிட்டால் ஆள் கிடையாது.

"ஏனுங்க, பாவாயி ஃபோன எடுக்கலீங்களா?" என்று சமையற்கட்டிலிருந்து கேட்டாள் வசந்தாமணி.

"அடிச்சு அடிச்சு நின்னு போகுது. ஒடம்பு கிடம்பு செரியில்லையோ என்னமோ" என்றார் தீனதயாளன்.

"ஒடம்பு செரியில்லாட்டியும் வந்து சொல்லிட்டுப் போறவளாச்சே."

உள்ளறையில் தலை வாரிக்கொண்டிருந்த அவர்கள் மகள் கிருத்திகாவுக்கு இது கேட்டது. சீப்பு பாதித் தலையில் நின்றது. பாவாயி ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

கிருத்திகா நாமக்கல் ரோட்டில் இருந்த ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருசம் படித்தாள். பாவாயியின் மகள் நிலாவும் அதே வகுப்புத்தான். கிருத்திகா கல்லூரிப் பஸ்ஸில் போவாள். நிலா பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் வேலூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிப்பாள். ஊருக்குள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது கிடையாது. கல்லூரியில் நோட்டு வாங்கிக்கொள்வார்கள், கேண்டீனில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். நிலாவின் அம்மா யார், எங்கே வேலைக்குப் போகிறாள் என்பதைக் கிருத்திகா யாரிடமும் சொன்னதில்லை. நிலாவும் சொன்னதில்லை.

அந்தப் பருவத்தில் அவர்களுக்கு ஒரு பழைய ஆங்கில நாவல் பாடம். இருநூறு வருசத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரர் எழுதியது. ஏதோ ஒரு தீவு, கண்ணுக்கெட்டின மட்டும் கரும்புக்காடு, மேட்டின்மேல் துரையின் வீடு, கரும்பு வெட்டும் கறுப்பு மனிதர்கள். துரையின் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வருகிறது. வேலைக்காரி ஒருத்தி ராவும் பகலும் அவளைப் பார்த்துக்கொள்கிறாள், படுக்கை விரிப்பைத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள். கடைசியில் துரைசாணி பிழைக்கிறாள், வேலைக்காரி செத்துப்போகிறாள்.

பாடம் நடத்திய தனப்பிரியாவுக்கு முப்பத்தொரு வயது. சொந்த ஊர் வாழப்பாடி. வேலை நிரந்தரம் கிடையாது, வருசா வருசம் புதுப்பிக்க வேண்டும். மற்ற ஆசிரியர்கள் கைடைப் பார்த்துக் கேள்வி பதில் எழுதிப்போடுவார்கள். இவள் வகுப்புக்குள் வந்ததும், நாவலில் 'வெள்ளை' என்ற சொல் வரும் இடத்தில் எல்லாம் சிவப்பு மையிலும், 'கறுப்பு' வரும் இடத்தில் பென்சிலிலும் கோடு போடச் சொன்னாள். ஒரு வாரம் கழித்துக் கரும்பலகையை இரண்டாகப் பிரித்தாள்.

"வெள்ளைன்னு எதையெல்லாம் சொல்றாரு?"

வீடு, விரிப்பு, புறா, துரைசாணியின் கை, மனசாட்சி என்று பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினாள்.

"கறுப்புன்னு?"

சேறு, ஈ, ராத்திரி, காய்ச்சல், வேலைக்காரியின் கை.

வகுப்பு கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தது.

"வேணும்னே இப்படி எழுதியிருப்பாரா மேடம்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வேணும்னு எழுதியிருந்தா திட்டிட்டுப் போயிடலாம். அவருக்கே தெரியாம கையில வந்திருக்கு. அந்தக் காலத்துல அவரு நல்ல மனுசன். அடிமைத்தனம் கூடாதுன்னுதான் இந்த நாவலையே எழுதினாரு. அப்படிப்பட்டவர் கையிலயும் இது வருதுல்ல, அதைத்தான் பாக்கணும்." சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இப்ப உங்க வீட்டுக்கு வாங்க. அங்க ஆளை இப்படிப் பிரிச்சு வைக்கிற பொருள் எது? ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க. தமிழ்லயே எழுதுங்க, பரவால்ல. வேணாம்னு நினைக்கிறவங்க நாவலைப் பத்தியே எழுதலாம்."

கிருத்திகா காகிதக் கப்பைப் பற்றி எழுதினாள்.

அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, வேலைக்கு வருகிறவர்களுக்கென்று மாட்டுக் கொட்டகைச் சந்தில் அலுமினிய டம்ளர் செருகியிருக்கும். தீனதயாளன்தான் ஒருநாள் அதையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போட்டார். "இந்தக் காலத்துல இதெல்லாம் அசிங்கம்" என்று சொல்லி, குடித்துவிட்டுத் தூக்கி எறிகிற வெள்ளைக் கப் கட்டுக்கட்டாக வாங்கி வைத்தார். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு. வீட்டுக்காரர்கள் மட்டும் எவர்சில்வரில் குடித்தார்கள். கப் தீர்ந்துபோன இரண்டு நாள் வசந்தாமணி செம்பை உயர்த்தி ஊற்ற, பாவாயி கையேந்திக் குடித்தாள். இதையெல்லாம் கிருத்திகா எழுதினாள். பாவாயியின் பேரையும் எழுதினாள். எழுதும்போது அவளுக்கு அழுகை வந்தது. இதுவரைக்கும் எழுதிய எதுவும் இத்தனை உண்மையாக இருந்ததில்லை என்று தோன்றியது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவளைத்தான் முதலில் படிக்கச் சொன்னார்கள். படித்து முடித்தபோது தனப்பிரியாவின் கண் கலங்கியிருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். பாவாயியைத் தெரிந்த பக்கத்து ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் மட்டும் கை தட்டாமல் மூன்றாவது பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே நிலா நோட்டின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது நிலாவின் அம்மா என்று வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. நிலா ஒரு மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் பாவாயி கொடிக்காலுக்கு வரவில்லை.

கட்டுரை துறை அறிவிப்புப் பலகையில் நாலு நாள் இருந்தது. யாரோ போட்டோ எடுத்தார்கள். சனிக்கிழமை காலையில் அது ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்து சேர்ந்தது.

தீனதயாளனின் பங்காளி பிரபாகர் வண்டியை நிறுத்தின வேகத்தில் வாசல் சேறு சுவரில் தெறித்தது.

"ஏனுங்ணா, இத பாத்தீங்களா? உங்க மக எழுதுனது. ஊரே படிச்சாச்சு. மந்தையில நின்னு சிரிக்கறானுங்க."

தீனதயாளன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். மெதுவாகத்தான் படித்தார். முடித்ததும் ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார்.

"கிருத்தி."

அவள் வந்து கதவோரம் நின்றாள்.

"பாவாயி புருசனுக்கு நெஞ்சு வலின்னு வந்தப்ப நம்ம கார்லதான் படுக்க வெச்சுக் கொண்டுட்டுப் போனேன். அத எழுதுனயா?"

"இல்லீங்கப்பா."

"அந்தப் புள்ளைய காலேஜுல சேக்கறதுக்கு நான்தான் வந்து கையெழுத்துப் போட்டேன். அது?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"கப்புல குடுக்கறது குத்தமா?" என்றாள் வசந்தாமணி. "பஸ் ஸ்டாண்டுக் கடையில அத்தன பேரும் அதுலதான் குடிக்கறாங்க. எங்க மாமியா காலத்துல இருந்தத நீ பாக்கல சாமி. ஒங்கப்பா எத்தனையோ மாத்தியிருக்கறாரு. திருச்செங்கோட்டுக்காரங்க போன வாரந்தான் ஜாதகம் வாங்கிட்டுப் போனாங்க. அவுங்க கண்ணுல இது படாமயா இருக்கும்?"

"புள்ளயச் சொல்லிப் புண்ணியமில்லீங் அண்ணி" என்றான் பிரபாகர். "சொல்லிக் குடுக்கறவங்கள விட்டுட்டுப் புள்ளயப் புடிச்சா? நம்ம புள்ளைகள நமக்கே எதிரா எழுத வெக்கறாங்க. திங்கக்கெழம காலேஜுக்கு நம்ம சங்கத்துல நாலு பேரு வாராங்க. நீங்களும் வாங்க. தாளாளரு நமக்கு வேண்டப்பட்டவருதான்."

"எதுக்குப் பிரபாகரு..."

"வராட்டி, எழுதுனதெல்லாம் மெய்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்ணா."

அன்றைக்கு மத்தியானம் தீனதயாளனின் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. சாயங்காலம் அவரே கொடிக்காலில் இறங்கி, பாவாயி விட்டுப்போன வரிசையில் மழையோடு கிள்ளிக்கொண்டு நின்றார். அவர் அடுக்கிய கவுளியில் இலை கோணல் மாணலாக இருந்தது. வசந்தாமணி அதைப் பிரித்து மறுபடியும் அடுக்கினாள்.

திங்கட்கிழமை தாளாளர் அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். தனப்பிரியா ஓரத்தில் நின்றாள். கிருத்திகாவை அப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மேசையில் கட்டுரை இருந்தது. யாரோ அதில் நாலைந்து வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

"பயப்படாம சொல்லு பாப்பா" என்றார் தாளாளர். "இத நீயா எழுதுனயா, இல்ல மேடம் சொல்லி எழுதுனயா?"

கிருத்திகா அப்பாவைப் பார்த்தாள். இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம் எழுதச் சொன்னாங்க. அதனாலதான் எழுதுனேனுங்க."

சொன்னது பொய்யில்லை. அதற்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது: கப்பைப் பற்றி எழுதச் சொல்லவில்லை, பேரைப் போடச் சொல்லவில்லை, அது நானாகச் செய்தது. அதைச் சொல்லாமல் விட்டாள். அறையில் எல்லாரும் தனப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஆமாம் சார். நான்தான் எழுதச் சொன்னேன்" என்றாள் அவள்.

பேச்சு அதோடு முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் அவளை வேலையிலிருந்து நிறுத்திக் கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

வராந்தாவில் அவள் பையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது கிருத்திகா போய் நின்றாள். தனப்பிரியாதான் பேசினாள். கோபப்படுவாள் என்று நினைத்ததற்கு மாறாக, வேறொன்றைக் கேட்டாள்.

"நிலா ஒரு வாரமா வரலையே, என்னா ஆச்சு? உங்க ஊர்ப் பொண்ணுதான அவ?"

"மேடம்... பாவாயி, நிலாவோட அம்மாங்க."

தனப்பிரியா கையிலிருந்த புத்தகத்தைப் பைக்குள் வைக்காமல் அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு அவ அங்கதான உக்காந்திருந்தா?"

"ஆமாங்க மேடம்."

"உனக்கு அது தெரியும்."

"தெரியுங்க. ஆனா... அவளுக்காகவும்தான் எழுதறேன்னு நெனச்சேன்."

தனப்பிரியா புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தாள். பிறகு, "அவ வீடு எங்க இருக்கு, சொல்லு" என்றாள்.

மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, வாழைக்கு மருந்து வாங்கத் தீனதயாளன் வேலூர் போயிருந்த நேரத்தில், கிருத்திகா வாய்க்கால் பாலத்தைத் தாண்டிக் காலனிக்குள் போனாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பாவாயி பதினாறு வருசமாகத் தினமும் நடந்த வழி அது. கிருத்திகா அந்தப் பக்கம் வந்ததே இல்லை. வீடு எது என்று இரண்டு பேரிடம் கேட்க வேண்டியிருந்தது.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த ஒற்றை அறை வீடு. வாசலில் தகரம் இறக்கியிருந்தார்கள். அதன்கீழே தனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். பாவாயி கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். சேலையில் கோழி வாடையும் தலையில் தவிட்டுத் தூசியும் இருந்தது. கிருத்திகாவைப் பார்த்ததும் முந்தானையை உதறி இடுப்பில் செருகினாள்.

"வா அம்முணி. ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன். என்னைய மன்னிச்சுக்குங்கக்கா."

"நேத்து வரைக்கும் பாவாயி. இன்னைக்கு அக்காவா?"

கிருத்திகா செருப்பைக் கழற்றி வாசலோரம் விட்டாள்.

"செரி, அத எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள் பாவாயி. "ஊரெல்லாம் படிச்சாச்சாமா. பண்ணையில சூப்பர்வைசர் வரைக்கும் படிச்சிருக்கறான். நான் ஒருத்திதான் கேக்கல. என்ற பேருதான இருக்குது அதுல."

கிருத்திகா ஃபோனை எடுத்துப் படித்தாள். வகுப்பில் படித்தபோது நிமிர்ந்து வந்த குரல் இங்கே இரண்டு வரிக்கு ஒரு தடவை உடைந்தது. பாவாயி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாள். கையேந்திக் குடித்த இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அத மறுக்காப் படி."

"'கூசிப் போய், தலையைக் குனிந்தபடி, பாவாயி இரண்டு கைகளையும் ஏந்தினாள்.'"

"நான் எங்க கூசுனேன்? தண்ணி குடிக்கறவ குனிஞ்சுதான் குடிப்பா. ஒங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டேதான் குடிச்சேன். அவங்கதான் அக்கட்டால திரும்பிக்கிட்டாங்க. நீ அப்ப அங்கதான நின்ன? அத ஏன் எழுதல?"

கிருத்திகாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. அம்மா திரும்பிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"எழுதுனதுல பொய்யொண்ணுமில்ல" என்று தொடர்ந்தாள் பாவாயி. "இதெல்லாம் எனக்குத் தெரியாமயா இருந்துது? நீ கண்டுபுடிச்சுச் சொல்லித்தான் தெரியோணுமா? நிலா படிக்கோணும், ஒரு எடத்துல யாரோ ஒரு புள்ளையா, ஒரு பேரும் சொல்லாம உக்காரோணும்னுதான் ஒங்க ஊட்டு வாசல்ல நின்னேன். அப்படி ஒரு எடம் அவளுக்குக் கெடச்சுது. அங்கயே போயிச் சொல்லிப்புட்டயே அம்முணி. என்னைய ஒரு வார்த்த கேட்டயா?"

"தப்பு என்மேலதான்" என்றாள் தனப்பிரியா. "உங்க வீட்டைப் பாருங்கன்னு சொல்லிட்டேன். யாரு யாரு உக்காந்திருக்காங்கன்னு நான் பாக்கல. அந்த நாவலை எழுதுனவரைப் பத்தி அத்தனை பேசிட்டு, நானும் அதையேதான் பண்ணியிருக்கேன்."

"நீங்க வேலையப் பறிகுடுத்துட்டு வந்து உக்காந்திருக்கறீங்க. ஒங்களையும் என்னத்தச் சொல்றது" என்றாள் பாவாயி.

அதுவரைக்கும் உள்ளே இருந்த நிலா வெளியே வந்தாள். கையில் ஒரு நோட்டு இருந்தது. கிருத்திகாவைப் பார்க்காமல் அதைத் தனப்பிரியாவிடம் கொடுத்தாள்.

"நான் எழுதினது மேடம். நாவலப் பத்தி."

தனப்பிரியா வெளிச்சத்துக்கு நோட்டைத் திருப்பி, மனசுக்குள் படிக்க ஆரம்பித்தாள். பாதியில் தன்னை அறியாமல் சத்தமாகப் படித்தாள்.

"'துரை வீட்டு நாயின் பேர் ஆறாம் பக்கத்திலேயே வந்துவிடுகிறது. குதிரைக்குப் பேர் இருக்கிறது. கரும்பு ஆலைக்குக்கூடப் பேர் இருக்கிறது. விரிப்பைத் துவைக்கிறவளை மட்டும் முந்நூற்றுப் பத்துப் பக்கத்திலும் 'பெண்ணே' என்றே கூப்பிடுகிறார்கள். அவளுக்குப் பேர் இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. எழுதியவர் அவளிடம் கேட்கவில்லை. அவள் பேர் அவளுக்குத் தெரியும். அவள் சாகும்போது அதையும் கூடவே கொண்டுபோய்விட்டாள். எழுதியவருக்குத் தெரியாத ஒன்று அவருடைய புத்தகத்துக்குள்ளேயே இருக்கிறது.'"

தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது. தனப்பிரியா நோட்டை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நாலு வருசமா இந்த நாவலை நடத்துறேன். எனக்கு இது தோணல. அன்னிக்கே ஏன் குடுக்கல நிலா?"

"குடுக்கத்தான் எடுத்து வெச்சிருந்தனுங்க மேடம். கிருத்திகா மொதல்ல படிச்சா. நீங்க அழுதீங்க, எல்லாரும் கை தட்டுனாங்க, அந்த ரெண்டு பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. அதுக்கப்பறம் நான் எந்திரிச்சு இதப் படிச்சா, பாவாயி மக படிக்கறான்னுதான் கேப்பாங்க. கதையப் பத்தி நான் சொல்றத ஆரும் கேக்க மாட்டாங்க." அவள் குரல் தணிந்தது. "எனக்குக் கதையப் பத்தி எழுதத்தான் ஆசைங்க மேடம். எங்க ஊட்டப் பத்தி இல்ல."

"அரசு காலேஜுல எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்க. உனக்கு அங்க இடம் கேட்டுப் பாக்கறேன். நடு வருசத்துல எடுப்பாங்களா, தெரியல. ஜூன் வரைக்கும் பொறுக்க வேண்டியிருக்கும்."

"அது வரைக்கும் என்னோட பண்ணைக்கு வரட்டும்" என்றாள் பாவாயி. "சும்மா உக்காந்தா மனசு கெட்டுப் போகும்."

கிருத்திகா அழுதுகொண்டிருந்தாள். யாரும் அவளை அழவேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் நாளைக்குத் தாளாளருக்கு எழுதிக் குடுக்கறேன்" என்றாள். "மேடம் சொல்லல, நானாத்தான் எழுதுனேன்னு. பாவாயக்காகிட்டக் கேக்காம எழுதுனேன், நிலா வராததுக்கும் அதான் காரணம்னு எல்லாத்தையும்..."

"எனக்கு வேலை திரும்பக் கெடைக்கும்னு எழுதாத. கெடைக்காது" என்றாள் தனப்பிரியா.

நிலா அப்போதுதான் கிருத்திகாவை நேராகப் பார்த்தாள்.

"எழுதறதுன்னா எழுது. ஆனா இந்தத் தடவ எங்க பேரு வேண்டாம்."

கிருத்திகா எழுதிய கடிதம் நாலே வரி. அதில் அவள் பேர் மட்டும்தான் இருந்தது. தாளாளர் அதைப் படித்துவிட்டு மேசை இழுப்பறையில் போட்டு, "செரி, கெளாசுக்குப் போ பாப்பா" என்றார். தனப்பிரியாவின் இடத்துக்கு வந்தவர் நாவலின் சுருக்கத்தை ஐந்து பக்கமாகச் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் தலையைக் குனிந்து எழுதினார்கள்.

கடிதம் கொடுத்த செய்தி சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டது. தீனதயாளன் கத்துவார் என்று கிருத்திகா எதிர்பார்த்தாள். அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பாவாயி ஊட்டுக்குப் போயிருந்தயாமா?" என்றார்.

"ஆமாங்கப்பா."

"என்ன சொன்னா?"

"நான் எழுதுனதுல ஒரு எடம் தப்புன்னு சொன்னாங்க."

"எந்த எடம்?"

கிருத்திகா அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கூசிப் போனது அவங்க இல்லையாமா" என்றாள்.

வசந்தாமணி சுற்றிய துணியைப் பிரித்தாள். பிறகு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். படுக்கப் போகுமுன் தீனதயாளன் மனைவியிடம் மட்டும், "திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு நாளைக்கு ஃபோன் பண்ணோணும். இனி இவளக் காலேஜுக்கு அனுப்ப வேண்டாம்" என்றார்.

காலையில் மழை விட்டிருந்தது. ஆள் பற்றாததால் வீட்டார் மூன்று பேரும் கொடிக்காலில் இறங்கினார்கள். கிருத்திகாவுக்குப் பாவாயியின் வரிசை. ஏழே முக்காலுக்குக் கல்லூரிப் பஸ் வளைவில் வந்து நின்று ஹாரன் அடித்தது. அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். வசந்தாமணி கொடிகளுக்கு அந்தப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. கிருத்திகா கையிலிருந்த இலைகளை எண்ணினாள். அறுபதுக்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது. முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.